அமெரிக்க வரியும் அடமான வீடும்: திருப்பூர் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருப்பூரின் புறநகர் ஒன்றில் 26 தையல் இயந்திரங்களுடன், பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் 44 வயது வாசகர் ஒருவர் 2025 டிசம்பரில் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினொரு ஆண்டுகளாக ஒரே ஏற்றுமதி கம்பெனியின் துணியைத்தான் பெரும்பாலும் தைத்து வந்திருக்கிறார். எல்லாம் அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் டி-ஷர்ட். ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை உயர்த்திய பிறகு ஆர்டர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பீஸுக்கு 14 ரூபாயாக இருந்த கூலியை 11 ரூபாய் 50 காசாகக் குறைத்துவிட்டார்கள். ஏற்கெனவே தைத்துக் கொடுத்ததற்கு 11.40 லட்சம் ரூபாய் நிலுவை. கேட்டால், "120 நாள் கழித்துத்தான் வரும், ஊர் வழக்கம் அதுதானே" என்கிறார்களாம். போதாக்குறைக்கு, நவம்பரில் தாமதம், தரக்குறைவு என்று சொல்லி 1.80 லட்சத்துக்கு டெபிட் நோட் (தர வேண்டியதில் அவ்வளவைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் சீட்டு) அனுப்பியிருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடனில் 22 லட்சம் பாக்கி. அக்டோபர் 10-ஆம் தேதித் தவணையிலிருந்து எதுவும் கட்டவில்லை. தீபாவளி போனஸுக்காகத் தனியாரிடம் 4 லட்சம் வாங்கி, வாரம் 10,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். வெற்றுக் காசோலைகளும் புரோநோட்டும் கடன் கொடுத்தவரிடம் இருக்கின்றன. தொழிலாளர் 38 பேர்.

"காங்கயம் பக்கம் அம்மா பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கரை விற்று வங்கிக் கடனை அடைத்துவிடலாமா? கம்பெனி மீது வழக்குப் போட்டால் ஆர்டர் போய்விடுமா? அல்லது யூனிட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடட்டுமா? வரி பொங்கலுக்குள் போய்விடும் என்கிறார்கள், அதுவரை பொறுத்துப் பார்க்கலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

இரவு ஒரு மணிக்கு எழுதியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்தில் அது தெரிகிறது. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும்விட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. அக்டோபர் 10 முதல் தவணை நிற்கிறது. தொடர்ந்து 90 நாள் தவணை நின்றால் வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் ஆக்கிவிடும். அந்த 90 நாள் கணக்கு ஜனவரி 8-ஆம் தேதியோடு முடிகிறது. நான் இதை எழுதுவது 2025 டிசம்பர் 15. அதாவது, உங்கள் கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது. நிலத்தை விற்பது, கம்பெனியோடு மோதுவது, யூனிட்டைப் பூட்டுவது எல்லாவற்றையும் இந்த மூன்று வாரத்தை மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரியைக் கட்டுவது யார், சுமப்பது யார்?

"வரியை அமெரிக்காக்காரன்தானே கட்டுகிறான், என் கூலியை ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சுங்கத்துறையிடம் பணம் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். ஆனால், சுமை அங்கேயே நிற்பதில்லை. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே பழைய வரியே 16.5 சதவீதம். ஆகஸ்ட் 7-இல் அதன் மேல் 25 சதவீதம் வந்தது. ஆகஸ்ட் 27-இல், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25 வந்தது. ஆக மொத்தம் 66.5. நான்கு டாலர் விலைக்கு இங்கிருந்து போகும் ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு டாலர் 66 சென்ட் வரி. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான் என்பதால், அதே டி-ஷர்ட் அங்கிருந்து போனால் ஒரு டாலர் 46 சென்ட். இந்த ஒரு டாலர் 20 சென்ட் வித்தியாசத்தைக் காட்டித்தான் வாங்குபவர் தள்ளுபடி கேட்கிறார். ஏற்றுமதியாளர் 15 சதவீதம் விட்டுக்கொடுத்தால் ஒரு பீஸுக்கு ஏறத்தாழ 54 ரூபாய் போகிறது. அவர் அதில் ஒரு பங்கை நூல்காரரிடம் தேடுகிறார், ஒரு பங்கைச் சாயப்பட்டறையில் தேடுகிறார், கடைசியில் உங்கள் பவர் டேபிளில், அதாவது தையல் மேசையில் வந்து இரண்டரை ரூபாய் எடுக்கிறார்.

டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டதே, கம்பெனிக்கு லாபம்தானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் டாலர் 86 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. கணக்குப் பார்த்தால் ஐந்து சதவீத ஆதாயம். முன்கூட்டியே விலை பேசி டாலரை விற்றுவைத்தவர்களுக்கு அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. 15 சதவீதத் தள்ளுபடியை ஐந்து சதவீதம் ஈடுகட்டாது. கம்பெனிக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவருடைய நெருக்கடி எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

நாடு 8.2 சதவீதம் வளர்ந்தது என்ற செய்தியைப் படித்துக் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு அந்த எண் வந்தது உண்மைதான். ஆனால், நாட்டின் சராசரியில் திருப்பூரைத் தேடக் கூடாது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது இந்த ஒரு ஊரிலிருந்து. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. இப்படி ஒரு ஊர் ஒரு கடலை நம்பி நிற்கும்போது, அந்தக் கரையில் கதவு சாத்தினால் இங்கே மெஷின் மேல் துணி போர்த்தப்படும். ஒரே கம்பெனி, அந்தக் கம்பெனிக்கும் ஒரே நாடு என்று இருந்த உங்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்திருக்கிறது.

கம்பெனி தர வேண்டிய 11.40 லட்சம்

ஊர் வழக்கத்தைவிடச் சட்டம் பெரியது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 120 நாள் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2025 டிசம்பரில் வங்கி விகிதம் 5.50 சதவீதம் என்பதால் அது 16.50 சதவீதம். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவை 2021-லேயே செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது மிக நல்ல செய்தி, ஏனென்றால் பதிவுக்கு முந்தைய வேலைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்குமா என்பதில் நீதிமன்றங்களில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டெபிட் நோட்டைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். சரக்கு அவர்கள் கைக்குப் போன 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். செப்டம்பரில் டெலிவரி எடுத்த துணிக்கு நவம்பர் கடைசியில் குறை கண்டுபிடிப்பது அந்தக் கெடுவைத் தாண்டியது. இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்த டெபிட் நோட்டை ஏற்கவில்லை, உரிய காலத்தில் எந்த ஆட்சேபமும் எங்களுக்கு வரவில்லை." இரண்டு வரி போதும். வாய் பேசாமல் இருந்தால் பின்னாளில் அதையே சம்மதம் என்பார்கள்.

வழக்கா, பேச்சா? முதலில் பேச்சு என்பேன். கோழைத்தனமாக அல்ல, கையில் துருப்புச்சீட்டுடன். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-இல் நிலுவையாக நிற்கும் தொகையைக் கம்பெனி அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். கம்பெனியின் முதலாளியைவிட அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். எனவே, கணக்குப் பிரிவுக்கு மரியாதையான கடிதம் ஒன்று எழுதுங்கள். உதயம் சான்றிதழ் நகலையும் பில் பட்டியலையும் இணையுங்கள். நிலுவையை உறுதிசெய்து கையெழுத்துப் போட்ட ஒரு கணக்கறிக்கையும், ஜனவரி முதல் மூன்று தவணைக்கான தேதிகளும் கேளுங்கள். பணம் உடனே வராவிட்டாலும் அந்தக் கையெழுத்து வந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அதுவும் நடக்காவிட்டால், இணையத்தில் விண்ணப்பித்து, இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் உங்கள் மண்டல வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம். முதலில் சமரசம், பிறகு தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும். சட்டம் 90 நாள் என்று சொன்னாலும், நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கிறது. அந்தப் பணத்தை நம்பி ஜனவரித் தவணைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போகலாம். ஆனால், 11.50 ரூபாய்க்குத் தைத்து, அதையும் 120 நாள் கழித்து வாங்கினால், அந்த ஆர்டர் உங்களைக் காப்பாற்றுகிறதா, கரைக்கிறதா என்று கூலி, மின்சாரம், வாடகை வைத்து ஒரு பீஸுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கைக் கடிதத்தில் எங்குமே காணோம்.

வங்கியும் வீடும்

இங்கே இரண்டு தப்பான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, ரிசர்வ் வங்கி ஏற்றுமதித் துறைக்குத் தவணை விலக்கு கொடுத்துவிட்டது, அதனால் டிசம்பர் வரை கட்ட வேண்டாம் என்பது. நவம்பர் 14-இல் வந்த அந்த அறிவிப்பு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால், ஆகஸ்ட் 31-இல் ஏற்றுமதிக் கடன் வசதி நிலுவையில் இருந்த கணக்குகளுக்குத்தான் அது. உங்களுடையது சாதாரணத் தொழில் கடன். நேரடியாக ஏற்றுமதி செய்யாத ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பலவும் இப்படி விளிம்புக்கு வெளியேதான் நிற்கின்றன. துணியைத் தைத்தவர்களுக்கு இல்லாத நிவாரணம் என்ன நிவாரணம் என்று எனக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கும் அது தள்ளிவைப்புதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, குடியிருக்கும் வீட்டை வங்கியால் தொட முடியாது என்று உங்கள் மைத்துனர் சொன்னது. அடமானம் வைத்த வீட்டுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதே சமயம், மூன்று தவணை தவறிய மறுநாளே யாரும் வந்து பூட்டுப் போடவும் முடியாது. கணக்கு வாராக்கடன் ஆன பிறகு, அடமானச் சொத்தை வங்கி தானே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஆனால், அவ்வளவு தூரம் போக விடாதீர்கள். நலிவடையும் சிறு தொழில்களை மீட்க 2015-இல் மத்திய அரசு அறிவித்து, 2016-இல் ரிசர்வ் வங்கி பின்பற்றச் சொன்ன ஒரு நடைமுறை இருக்கிறது. 25 கோடி வரை கடன் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஒரு குழு உங்கள் கணக்கைப் பார்த்து, கணக்கைச் சீர்செய்வதா, கடனை மறுசீரமைப்பதா, வசூலிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். வங்கிகள் இந்த நடைமுறையைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் கடன்தாரரும் வாராக்கடன் ஆவதற்கு முன்பே ஆவணங்களோடு வந்து கேட்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜனவரி 8 என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும். மேலாளரை நேரில் பார்த்து அழுதுவிட்டு வருவது விண்ணப்பம் ஆகாது. ஜிஎஸ்டி படிவங்கள், ஆர்டர் குறைந்ததற்கான சான்று, கம்பெனியிடம் வர வேண்டிய நிலுவைப் பட்டியல், அடுத்த ஆறு மாத வரவு செலவு உத்தேசம் இவற்றோடு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இடையில் ஒரு தவணையாவது கட்ட முடிந்தால் கட்டுங்கள். பழைய பாக்கியில் அது வரவானால் நாள் கணக்கு பின்னுக்குப் போகும். மறுசீரமைப்பு ஆனால் கடன் மதிப்பெண் அடிபடும், புதுக் கடன் கிடைப்பது சிரமமாகும் என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

வாரவட்டி

4 லட்சத்துக்கு வாரம் 10,000 என்றால் ஆண்டுக்கு 130 சதவீதம். உங்கள் கடன்களில் சிறியது இதுதான், ஆனால் உங்களை முதலில் விழுங்கப்போவதும் இதுதான். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி இது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உரிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தவும் அதில் வழி இருக்கிறது. "வெற்றுக் காசோலை செல்லாது" என்று நினைத்துத் தைரியமாக இருக்கிறீர்கள். அது தவறு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையில் வேறொருவர் தொகையை நிரப்பினாலும், காசோலை திரும்பினால் போடும் 138-ஆவது பிரிவு வழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கடன் அவ்வளவு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதனால், வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எத்தனை காசோலை என்ன எண்ணில் கொடுத்தீர்கள் என்பதை வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் இப்போதே எழுதிவிடுங்கள். வட்டியைக் கூகுள் பேயில் அனுப்பிய வாரங்களின் விவரத்தை வங்கியிலிருந்து அச்செடுத்து வையுங்கள். காசோலை திரும்பி நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் கெடு. அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் நிலம்

வேண்டாம். இப்போது வேண்டாம். அம்மா இந்தக் கடனுக்கு ஜாமீன் போடவில்லை, நிலம் அடமானத்தில் இல்லை. எனவே, எந்தக் கடன்காரரும் அதைத் தொட முடியாது. உங்கள் குடும்பத்தில் இந்தத் தொழிலின் நஷ்டம் எட்டாத ஒரே சொத்து அது. வேளாண் நிலம் சர்ஃபேசி சட்டத்தின் பிடிக்கு வெளியே இருப்பது என்றாலும், அதைக் கூடுதல் ஈடாகக் கொடுக்கச் சொல்லி வங்கி கேட்டாலும் கொடுக்காதீர்கள். யூனிட் மாதாமாதம் நஷ்டத்தில் ஓடும்போது நிலத்தை விற்றுக் கடனை அடைத்தால், ஆறு மாதம் கழித்து அதே கடன் திரும்ப வந்து நிற்கும், நிலம் இருக்காது. ஒரே ஒரு சூழ்நிலையில் யோசிக்கலாம்: யூனிட்டை மூடுவது என்று தீர்மானமாகி, இயந்திரங்களை விற்று, நிலுவையும் வசூலாகி, அதற்குப் பிறகும் வீட்டை மீட்க ஒரு தொகை குறைந்தால். அப்போதும் அம்மாவின் முழுச் சம்மதத்தோடு, பகுதியை மட்டும்.

தொழிலாளர்கள்

இதைப் பற்றிக் கடிதத்தின் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். பி.எஃப். இரண்டு மாதமாகக் கட்டவில்லை என்று. கையில் வரும் முதல் பணம் இங்கே போகட்டும். அவர்கள் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். வங்கிக் கடனுக்கும் முன்னால் அதற்கு உரிமை உண்டு. யூனிட்டை மூடினால், நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவர்களை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடும் உண்டு. ஐந்தாண்டு கடந்தவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு. "இரவோடு இரவாகப் பூட்டிவிட்டு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒடிசாவிலிருந்து வந்து உங்கள் யூனிட் மாடியில் தங்கியிருக்கும் எட்டுப் பிள்ளைகள் காலையில் எழுந்து எங்கே போவார்கள்? அந்த வரியை மறந்துவிடுங்கள்.

அடுத்த ஆறு மாதம்

வரி பொங்கலுக்குள் போய்விடும் என்று யார் சொன்னாலும், அது ஆசை. இதை எழுதும் 2025 டிசம்பர் நிலவரப்படி, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பேச்சு நடக்கிறது. அவசரகாலச் சட்டத்தை வைத்து இந்த வரிகளைப் போட அதிபருக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நவம்பர் 5-இல் விசாரித்து, தீர்ப்பை நிலுவையில் வைத்திருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் வரி குறையலாம். ஆனால், நாளையே குறைந்தாலும் வாங்குபவர் மாதிரி கேட்டு, விலை பேசி, ஆர்டர் போட்டு, நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயமிட்டு, உங்கள் டேபிளுக்கு வர மாதங்கள் ஆகும். பிறகு உங்கள் பில் பாஸாக இன்னும் சில மாதங்கள். வரி நீங்கும் தேதியும் உங்கள் கையில் காசு வரும் தேதியும் ஒன்றல்ல. கோடைக்கால ஆர்டரின் பெரும்பகுதி இந்தப் பருவத்தில் வேறு நாடுகளுக்குப் போய்விட்டது என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

வேறு பக்கம் வெளிச்சம் இல்லாமல் இல்லை. பிரிட்டனோடு ஜூலை 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நடைமுறைக்கு வந்தால், அங்கே நம் ஆடைக்கு இப்போது 12 சதவீதம் வரை இருக்கும் வரி முழுவதும் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தோடும் பேச்சு நடக்கிறது. 2025 டிசம்பர் 31 வரை பருத்தி இறக்குமதி வரி விலக்கு இருக்கிறது. ஆகவே, உங்கள் இயந்திரங்களை இப்போதே இரும்பு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். 26-இல் பத்தை மட்டும் ஓட்டி, ஐரோப்பாவுக்கோ உள்நாட்டுக்கோ தைக்கும் வேறு இரண்டு கம்பெனிகளிடம் சிறு வேலை கேளுங்கள். கூலி குறைவாக இருந்தாலும், பணம் எத்தனை நாளில் வரும் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மார்ச் 31-ஐ உங்களுக்கே ஒரு கெடுவாக வையுங்கள். அன்றைக்கும் மாதச் செலவை மாத வருமானம் தாங்காவிட்டால் மூடுவதில் அவமானம் இல்லை. முறையாக, கணக்கு முடித்து மூடலாம்.

டெலிவரி சலான் எல்லாவற்றையும் உங்கள் மனைவி தன் கையெழுத்தில், தேதி வாரியாக, நீலநிற நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். "பெரிதாக ஒன்றுமில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். கம்பெனியிடமும் வங்கியிடமும் கவுன்சிலிலும் நீங்கள் காட்டப்போகும் முதல் ஆவணம் அந்த நோட்டுதான். நாளைக் காலை அதை இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை யூனிட்டில் வைக்காமல் அம்மா வீட்டில் வையுங்கள்.